காய்ச்சல் இல்லாத இரத்தம்

அந்தக் குப்பிக்குள் ஒன்றுமே இல்லை என்று முதலில் முடிவு கட்டியவன் வவுனியாச் சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத கண்ணாடிக் குப்பி. அதை வெயிலுக்கு நேரே பிடித்தான், குலுக்கினான், கவிழ்த்தான். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத் தடை என்று என் பையிலிருந்த பற்றறிகளையும் சவர்க்காரக் கட்டிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, இவளுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்பதுபோலச் சிரித்துக் குப்பியை மட்டும் திருப்பித் தந்தான். சவர்க்காரத்தைத் தந்துவிட்டுக் குப்பியை எடுத்திருந்தால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

உள்ளே இருந்தது கண்ணுக்குத் தெரியாத அளவு உலர்ந்த புரதம். ரி.என்.எவ். என்று பெயர். உடம்புக்குள் கிருமி புகுந்தால் இரத்தத்திலுள்ள வெண்குழியங்களைத் தட்டி எழுப்புவது இதுதான். காய்ச்சல், வீக்கம், நோவு எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. மனித மரபணுவின் துண்டொன்றைப் பற்றீரியாவுக்குள் செருகி, அதைக்கொண்டே புரதத்தைச் செய்வித்து, சுத்தமாக்கி உலர்த்தி ஆய்வுகூடங்களுக்கு விற்கிறார்கள். மருந்தல்ல, யாருக்கும் ஏற்ற முடியாது. கொழும்பிலிருந்த என் மேற்பார்வைப் பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து வருவித்ததில் ஒன்றை எனக்கென்று ஒதுக்கியிருந்தார்.

நொச்சி இலையை அவித்து வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. அந்தச் சாறு, எழும்பிய வெண்குழியங்களை உண்மையிலேயே அடக்குகிறதா? இதுதான் என் முதுமாணி ஆய்வு. குழாயில் எடுத்த இரத்தத்தில் ரி.என்.எவ். விட்டு வெண்குழியங்களை எழுப்ப வேண்டும், பிறகு நொச்சிச் சாறு விட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எழும்பிய குழியம் ஒரு மஞ்சள் சாயத்தைக் கடும் நீலமாக்கிவிடும். நீலத்தை எண்ணினால் விடை. பட்டம் கிடைத்தால் பல்கலைக்கழகத்தில் என் விரிவுரையாளர் வேலை நிரந்தரமாகும், கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் முடிய வீட்டுக்குப் போகலாம். ஒரே குப்பி, ஒரே வாய்ப்பு.

யாழ்ப்பாணத்தில் அப்போது யுத்தத்தால் மின்சாரம் இல்லாமல் போய் வருடக்கணக்காகிவிட்டது. உலர்ந்த புரதம் பயணத்தைத் தாங்கும். தண்ணீர் விட்டுக் கரைத்தாலோ அன்றைக்கே பாவித்து முடிக்க வேண்டும், அல்லது உறைநிலையில் வைக்க வேண்டும். இருந்த ஒரே மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியும் தடுப்பூசிகளுக்கு ஒதுக்கியது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே பகலில் செய்வதென்று முடிவெடுத்தேன். அடுப்பில் வைத்த தண்ணீர்ச் சட்டிதான் சூட்டுப் பெட்டி. நுணுக்குக்காட்டிக்கு வெளிச்சம் யன்னல் வெயில். மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். கொழும்பில் குப்பியைத் தந்த அன்றே இதையெல்லாம் சொல்லிப் புலம்பியபோது பேராசிரியர், "கஷ்டத்தைப் பற்றி ஆய்வறிக்கையிலை எழுதேலாது. ஆக்களை மட்டும் நல்லாப் பாத்து எடும். ஒரு வருத்தமும், நோய்நொடியும் இல்லாத ஆக்களாயிருக்க வேணும்" என்றார்.

அது ஒன்றுதான் சுலபம் என்று நினைத்தேன். எங்கள் அலுவலக இலிகிதர் ஒருவர் அரியாலையிலிருந்து சைக்கிளில் வருபவர், ஆள் இரும்பு. என்னுடன் வேலை செய்த இரண்டு பேர் சம்மதித்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியரான என் கணவர் தானாகவே கையை நீட்டினார். ஐந்தாவது ஆள் நான். எல்லோரிடமும் ஒழுங்காகக் கேட்டேன்.

"ஏதும் வருத்தம் இருக்கோ?"

"சீச்சீ, எங்களுக்கென்ன!"

அன்றைக்கு மேகம்கூட வரவில்லை. ஒவ்வொருவர் இரத்தத்தையும் மூன்று குழாய்களில் பிரித்தேன். ஒரு குழாய்க்கு ஒன்றும் விடவில்லை. அதில் குழியங்கள் உறங்க வேண்டும். மற்றதற்கு ரி.என்.எவ்., இன்னொன்றுக்கு ரி.என்.எவ்.வும் நொச்சியும். முதலில் ஒன்றும் விடாத இலிகிதரின் இரத்தத்தைப் பார்த்தேன். நீலம். எங்கே பார்த்தாலும் நீலம். அடையாளம் மாறிவிட்டதோ என்று அடுத்ததைப் பார்த்தேன். அதுவும் நீலம். ஐந்து பேரின் இரத்தமும் நான் எழுப்பாமலே எழும்பி நின்றது. ரி.என்.எவ். விட்டதற்கும் விடாததற்கும் வித்தியாசமே இல்லை. சாயம் பழுதோ, தண்ணீர் பழுதோ என்று எல்லாவற்றையும் தனித்தனியே சோதித்தேன். பழுதில்லை. அடுப்பை எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

மறுநாள் இலிகிதரைப் பிடித்துக்கொண்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. கிட்டடியிலை காய்ச்சல் வந்ததோ?"

"காய்ச்சலோ? ஓம், அது வந்தது. இப்பவும் பின்னேரத்திலை கொஞ்சம் குளிரும்."

"அப்ப ஏன் வருத்தம் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"சைக்கிள் ஓடுறன்தானே பிள்ளை. இதை வருத்தமெண்டு சொல்லலாமோ?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

சக ஊழியர்களில் ஒருவருக்கு ஆறாத இருமல், மற்றவருக்கு வயிற்றோட்டம். அதுவும் வருத்தமில்லையாம், எல்லோருக்கும் இருப்பதுதானாம். வீட்டில் கணவரின் சாரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பதுங்குகுழி வெட்டும்போது மண்வெட்டி பட்ட காயம் காலில் சீழ் வைத்து, தொடையிடுக்கில் நெறியும் கட்டியிருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் உந்தக் குப்பியோடை ஓடித்திரிஞ்சனீர். இதையும் ஒரு வருத்தமெண்டு சொல்லவோ?"

கத்த வாயைத் திறந்தேன், கடைவாய்ப் பல் விண்ணென்று இழுத்தது. கொடுப்பு வீங்கி ஒரு கிழமையாகக் கராம்பு வைத்துக் கடித்துக்கொண்டுதான் நானும் திரிந்தேன். என்னையும் வருத்தமில்லாதவள் என்றுதான் எழுதியிருந்தேன்.

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் பேராசிரியருக்கு எழுதி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன். மழைக்காலம் வந்த பிறகு பதில் வந்தது. ஆட்தெரிவு சரியில்லை, ஆரோக்கியமான ஆட்களைத் தெரிந்தெடுத்துத் திரும்பவும் செய்யவும், அப்படியான ஆட்கள் இருக்கிறார்கள் என்று உறுதிப்படுத்தினால் மட்டும் இன்னொரு குப்பி தரப்படும் என்றிருந்தது. உறுதிப்படுத்துவதாம்! கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுக் கணவர்மேல் பாய்ந்தேன்.

"இந்த ஊரிலை வருத்தமில்லாத ஆள் ஒராளைக் காட்டுங்கோ பாப்பம்!"

பகிடி விடுவார் என்று நினைத்தேன். அவரோ காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு, எங்கள் நீர்வேலி ஒழுங்கையின் கடைசித் தொங்கலிலிருந்து வீடு வீடாக யோசிக்கத் தொடங்கினார். "வாழைத்தோட்டக்காரர்... இல்லை, அவருக்கு மலேரியா. முன்வீட்டுப் பெடிச்சி... அதுக்குக் கண்ணோய். கடைக்காரர்... ம்ஹும்." ஒழுங்கை முடிந்து வீதிக்குப் போனார். கோயிலடி, சங்கக்கடை, தன் பள்ளிக்கூடம் முழுவதும் போய்வந்தார். ஒவ்வொருவரையும் நினைத்துத் தலையை ஆட்டினார்.

"ஒராள் இருக்கிறார்" என்றார் கடைசியில். "உம்மடை பேராசிரியர். அவரிட்டையே இரத்தத்தைக் கேளுமன்."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நானும் சிரிக்கவில்லை. உடனேயே உட்கார்ந்து எழுதினேன்: எங்கள் பகுதியில் தேடிப் பார்த்தோம், தாங்கள் கேட்ட தகுதியுள்ள ஆள் எவரும் அகப்படவில்லை, தங்களுடைய இரத்தத்தைத் தந்துதவ முடியுமானால் தாங்களே இங்கு வர வேண்டும்.

பதில் வரவில்லை. ஒப்பந்தம் முடிய நான் வீட்டுக்குப் போனேன்.