முகம் சிவந்த மாடிவீட்டம்மா

இரும்புக் கிடங்கில் கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கண்ணாடி அறையில்தான் அவளுக்கு வேலை. கீழே நிற்பவர்கள் அண்ணாந்துதான் அவளோடு பேச முடியும். அதனால் கிடங்கு முழுக்க அவளுக்கு மாடிவீட்டம்மா என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் அவள் முகம் திடீர் திடீரென்று சிவக்கத் தொடங்கியது. காது மடல்கூடத் தணலாய்க் கொதிக்கும். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும். தொடையிலும் வயிற்றிலும் பழுப்புப் புள்ளிகள் வேறு. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுச் சட்டை தைக்கும் கணவர், மூட்டைப்பூச்சிதான் என்று முடிவுகட்டிக் கட்டிலைத் தூக்கி வெயிலில் போட்டார். நாத்தனாரோ, "வயசு அப்படி அண்ணி. எனக்கும் இப்படித்தான் கொதிச்சுது, தானா நின்னு போச்சு" என்றாள். அவள் நாத்தனாரையே நம்பினாள். அதை நம்பினால் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதில்லை.

ஒருநாள் பல்வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறினாள். கூரைத் தகரம் காய்ந்துகொண்டிருந்தது. தகட்டுக் கட்டு ஒன்று கொக்கியில் தொங்க, கீழே சைகைக்காரர் கையை அசைத்தபடி பின்னால் நடந்தார். உடம்பெல்லாம் அரித்தது. பிறகு கண் இருட்டியது. சைகைக்காரர் காட்டிய இடம்வரை கொண்டுபோக முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வழியிலேயே, வெறுந்தரையில் கட்டை இறக்கினாள். "அங்க இல்லம்மா, அங்க இல்ல!" என்று அவர் கத்தியது காதில் விழுந்தது. அதற்குப்பின் ஒன்றும் விழவில்லை.

ஆட்கள் மேலே ஏறி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கியதும் சூப்பர்வைசர் முதலில் செய்த காரியம், அவள் வாயை முகர்ந்து பார்த்ததுதான். இதைப் பின்னால் கேள்விப்பட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தநோய் மருத்துவர் ஒரு புள்ளியைப் பேனாவின் மழுங்கிய முனையால் தேய்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்துச் சிவந்தது. மூட்டைப்பூச்சி இல்லை என்பது கணவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். மறுமுறை போனபோது மருத்துவர் அதன் படத்தைத் திரையில் காட்டினார்.

"மாஸ்ட் செல்னு ஒண்ணு. எல்லார் உடம்புலயும் காவலுக்கு இருக்கறதுதான். உங்களுக்கு அளவுக்கு மீறிப் பெருகியிருக்கு. இந்தக் கொத்து அதுதான். இதைச் சுத்தி மெல்லிசாத் தெரியுது பாருங்க, அது புதுசா முளைச்ச ரத்தக்குழாய்."

"அதை யாரு அங்க கொண்டுவந்தது?" என்றாள் அவள்.

"இந்த செல்லுங்கதான். ரத்தக்குழாயை வளரச் சொல்ற ஒரு புரதத்தை இதுங்க வெளிய விடுது. குழாய் வந்தா இதுங்களுக்கும் தீனி கிடைக்கும். அப்படித்தான் நினைக்கிறோம்."

கணவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அப்ப அந்தப் புரதத்தை நிறுத்திட்டா தீர்ந்துது, இல்லையா டாக்டர்?"

"அவ்வளவு சுலபமா இருந்தா எனக்கும் நல்லாத்தான் இருக்கும். அதைத் தடுக்கற மருந்து வேற நோய்ங்களுக்குக் குடுக்கறாங்க. இதுக்கு உதவுமான்னு இன்னும் தெளிவாத் தெரியல. முகம் சிவக்கறதும் மயக்கம் வர்றதும் பெரும்பாலும் இதே செல்லுங்க விடற வேற பொருளால. இருக்கற குழாயை அது விரிச்சு விட்டுடுது. அதை மாத்திரையால அடக்கலாம். உங்களுது மெதுவாப் போற வகை. உயிருக்குப் பயப்படாதீங்க. ஆனா அன்னிக்கு மயக்கத்தைக் கிளப்பிவிட்ட அந்தப் பல்வலி மாத்திரை கூடாது, சூடு ஆகாது, அவசர ஊசி எப்பவும் கைப்பையில இருக்கணும்."

அவளுக்கு வேண்டியது ஒரே பதில். "நான் மேல ஏறலாமா?"

"கூடாதும்மா."

திரும்பும் வழியெல்லாம் கணவர் குழாயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

கிரேன் உரிமம் வைத்திருந்த சைகைக்காரர் மேலே போனார். அவள் கீழே நின்று சைகை காட்டினாள். முதல் சில வாரம் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அவர் வெடுக்கென்று தூக்குவார், கட்டு ஊசலாடும். இவளுக்குக் கை பரபரக்கும். "ஏங்க, மெதுவாத் தூக்குங்க!" என்று ஒருநாள் போட்ட சத்தத்தில் முகம் குப்பென்று சிவந்துவிட்டது. அவர் பதறிப்போய்க் கட்டை இறக்கிவிட்டு ஏணியில் பாதிவரை வந்துவிட்டார்.

"ஊசி எங்கம்மா? பையிலயா?"

"ஊசி வேணாங்க. இது கோவம்."

அவர் நம்பாமல் அங்கேயே நின்று பார்த்தார். சிவப்பு இறங்கிய பிறகுதான் மேலே போனார். அடுத்த கட்டு பூப்போல எழுந்தது.

இப்போதும் வருடத்துக்கொருமுறை பரிசோதனைக்குப் போகிறாள். கொத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புரதத்தைத் தடுக்கும் மருந்து வந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் கணவர்தான் கேட்கிறார். அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். அவளுக்கு மதிய ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிடும்.