வெறும் தூக்குச்சட்டி

சரளாவைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள். உண்மையைத்தானே சொல்கிறீர்கள் என்று சிரிப்பாள். இடி இடித்தால் பயம், நாய் முறைத்தால் பயம், வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் டாக்டர் கொஞ்சம் சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பயம். இப்படிப்பட்டவள் நாற்பத்து நான்கு வயதில் தைரியமாகச் செய்த ஒரே காரியம் படிக்கப் போனது. அந்தப் படிப்புதான் அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் துணிக்கடை, சூப்பர் மார்க்கெட், கடைசியில் ஈப்போவில் பல் கிளினிக் கவுண்டர் என்று அவள் காலம் ஓடியது. நடுவில் தோட்டத்தை விற்றார்கள், தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், அங்கிருந்த குடும்பங்களுக்கு தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் மலிவு விலை வரிசை வீடுகளைக் கொடுத்தார்கள். சனம் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. லயத்தில் யாருக்கு யார் பக்கத்துக் கதவோ, தாமானிலும் அப்படியே வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டது. முத்தம்மா அப்படித்தான் இங்கேயும் சரளாவுக்குப் பக்கத்து வீடு.

முத்தம்மா பத்து வயது மூத்தவள். அவள் புருஷன் பெயர் பத்துமலை; கல் லாரி ஓட்டுபவர். சரளாவின் புருஷன் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தபோது பாடைக்கு முன்னால் தோள் கொடுத்தவர் அவர்தான். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை சரளா வீட்டில் அடுப்பு எரியவில்லை. மூன்று வேளையும் முத்தம்மா வீட்டுத் தூக்குச்சட்டியில் சோறு வந்தது. மகள் ஷர்மினியும் பினாங்குக்கு வேலைக்குப் போன பிறகு, சரளாவுக்கு என்று இருந்த மனுஷி முத்தம்மா ஒருத்திதான். அவள் முகம் திருப்பிக்கொண்டால் அத்தனை வீடு இருக்கிற அந்த வரிசையும் சரளாவுக்குக் காடுதான்.

படிக்கப் போனது சமூக நலப்பணி டிப்ளோமா. ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் வகுப்பு. அதற்காகக் கிளினிக்கில் வேலை நாளைக் குறைத்துக்கொண்டாள். “சம்பளம் கொஞ்சம் குறையும்க்கா, பரவால்ல, சமாளிச்சிக்கலாம்” என்று முத்தம்மாவிடம் சாதாரணமாகச் சொல்லியும் வைத்திருந்தாள். அந்தச் சாதாரணம் பின்னால் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

முதல் பாடமே சமூகவியல். சொல்லிக்கொடுத்தவர் ராட்னி சார்; சரளாவைவிடச் சின்னவர், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சமுதாயத்தை மூன்று விதமாகப் பார்க்கலாம் என்றார். ஒரு கூட்டத்தார் அதை உடம்பு மாதிரிப் பார்க்கிறார்கள். கைக்கு ஒரு வேலை, குடலுக்கு ஒரு வேலை. அதேபோல் ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு வேலை உண்டு, அது சனத்தைச் சேர்த்துக் கட்டி வைக்கிறது. இன்னொரு கூட்டம் இதை ஒத்துக்கொள்ளாது. சமுதாயம் என்பது இழுபறி, யார் கை மேலே யார் கை கீழே என்று பார் என்கிறது. இது சரளாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. தோட்டத்தில் மேட்டில் துரை பங்களா, நடுவில் கணக்கெழுதும் கிராணி வீடு, மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் லயம். இதற்குப் புத்தகம் வேறு வேண்டுமா? மூன்றாவது கூட்டம் பெரிய பேச்சே பேசாது. இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்கள், ஒருவர் செய்வதற்கு மற்றவர் ஒரு அர்த்தம் கொடுக்கிறார், அந்த அர்த்தத்தை நம்பித்தான் அடுத்த காரியத்தைச் செய்கிறார். சமுதாயம் அன்றாடம் இப்படித்தான் உண்டாகிறது என்று அது சொல்லும். இது மட்டும் சரளாவுக்கு ஏறவில்லை. இதில் என்ன படிப்பு இருக்கிறது, இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தாள்.

ராட்னி சார் ஒரு வீட்டுவேலை கொடுத்தார். எங்கேயும் எழுதி வைக்காத, ஆனால் எல்லாரும் கடைப்பிடிக்கிற ஒரு சின்னப் பழக்கத்தை வேண்டுமென்றே மீற வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கவனித்து இரண்டு பக்கம் எழுத வேண்டும். வகுப்பில் ஒருவர் பேரங்காடி லிஃப்டுக்குள் எல்லாருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார். சரளாவுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் கத்திவிட்டால்? பயந்தவர்கள் புத்தி இப்படித்தான் போகும். யார் திருப்பி அடிக்க மாட்டார்களோ அவர்களிடம்தான் கை நீளும். அவள் முத்தம்மாவைத் தேர்ந்தெடுத்தாள்.

அந்த வரிசையில், லயத்துக் காலத்திலிருந்தே, ஒரு பழக்கம் உண்டு. அடுத்த வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதாவது வந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி சீனி, ஒரு பிடி அரிசி, இரண்டு வெங்காயம், இருப்பதில் எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை, யாரும் தவறுவதுமில்லை. அந்த வாரம் முத்தம்மா கோழிப் பெரட்டல் அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை சரளா தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்து, ஒன்றுமே போடாமல், கொண்டுபோய் நீட்டினாள். மறுநாள் சாயங்காலம் சீனியோடு போய் விஷயத்தைச் சொல்லி, இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பதாகத் திட்டம்.

முத்தம்மா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். பிறகு சரளாவின் முகத்தைப் பார்த்தாள். மூடியை மெதுவாக மூடினாள்.

“சரி” என்றாள். அவ்வளவுதான்.

சரளா வீட்டுக்குத் திரும்பினாள். அன்று முழுக்க வேலிக்கு அந்தப் பக்கமிருந்து “சரளா, டீ குடிக்க வாரியா?” என்ற குரல் வரவில்லை. சரளா மேசை முன்னால் உட்கார்ந்து, ‘அக்கா கோபித்துக்கொண்டார்’ என்று எழுதினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் கிளினிக்குக்குப் போன் வந்தது. வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கும் புஷ்பலதா.

“சரளா, பத்துமலை அண்ணன ரோட்ல ஒரு காடி மோதிருச்சு. மோட்டார் சைக்கிள்ல வந்தாராம். தலையில அடி. ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்காங்க.”

சரளா போனை வைத்தாள். முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். வெறும் பாத்திரம் அவள் கண்ணுக்குள் நின்றது.

ஆஸ்பத்திரி நடையில் முத்தம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சரளா போய்க் கையைப் பிடித்தாள். முத்தம்மா ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் யாரையுமே பார்க்கும் நிலையில் இல்லை என்பது மற்ற யாருக்கும் புரிந்திருக்கும், சரளாவுக்குப் புரியவில்லை. புஷ்பலதா அவளைத் தனியே இழுத்துப் போனாள்.

“நேத்து தூக்குச்சட்டிய வெறுமனே குடுத்தியாமே? முத்தம்மாக்கா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஏன்டி அப்டி செஞ்ச? தாலி இல்லாதவ நீ. சுமங்கலி வீட்டுக்கு வெறும் பாத்திரத்த நீட்டினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?”



அதற்குப் பிறகு வந்த நாட்களை நரகம் என்றுதான் சொல்ல வேண்டும். பத்துமலை கண் திறக்கவில்லை. தாமானில் சரளா நடந்தால் வாசல் கேட்டோரப் பேச்சு நின்றது, அல்லது நின்றதாக அவளுக்குத் தோன்றியது. பழக்கம் என்பது சனத்தைக் கட்டி வைக்கிற கயிறு என்று படித்தாளே, அதை அறுத்தவள் அவள். யார் கை கீழே இருக்கிறதோ அவர் தலையில்தான் பழி விழும் என்று படித்தாளே, அந்த வரிசையில் புருஷனும் இல்லாமல் மகளும் பக்கத்தில் இல்லாமல் இருப்பவள் அவள்தான். சாமி விளக்குக்கு முன்னால் நின்று, அவர் பிழைக்க வேண்டும் என்று கும்பிட்டாள். அந்த வேண்டுதலில் பாதி தனக்காக என்பது தெரிந்து இன்னும் பயந்தாள். அவர் போய்விட்டால் முத்தம்மா தன்னைச் சாகும்வரை எப்படிப் பார்ப்பாள் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

தாங்க முடியாமல் ராட்னி சாருக்குப் போன் செய்தாள்.

“அது தற்செயல்க்கா. பாத்திரத்துக்கும் எக்சிடெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பயப்படாதீங்க” என்றார். நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் பேசினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “சனங்க உங்கள எப்டி நடத்துறாங்கன்னு பாருங்க. அதையும் ரிப்போர்ட்ல சேத்துக்கலாம்” என்றார். சரளா போனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை, குளித்து உடை மாற்றிக்கொண்டு போக முத்தம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். சரளா ஜன்னலில் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது, அவள் திட்டினால் திட்டட்டும், காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்தாள். அந்த வீட்டுக்குள் போனாள்.

முத்தம்மா முன்னறையில் நின்று முடியை முடிந்துகொண்டிருந்தாள். சரளாவைப் பார்த்ததும் அவள் முகம் கோணி அழுகை வந்தது.

“வா. ஒன்ன கூப்பிடவே முடியல. அத எடுத்துக்க.”

கதவு மூலையில் பத்துக் கிலோ அரிசிப் பை இருந்தது. பக்கவாட்டில் கிழிந்து, சரட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மேலே நசுங்கிய சீனிப் பொட்டலம்.

“என்னக்கா இது?”

“ஒனக்குத்தான் வாங்கினாரு. ரோட்ல கெடந்துச்சாம், போலீஸ்காரங்க மோட்டாரோட கொண்டாந்து குடுத்தாங்க.” முத்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “வேலைய வேற கொறச்சுக்கிட்டேன்னு சொன்ன. அன்னைக்கு வெறும் சட்டியக் கொண்டாந்து நீட்டவும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒரு பிடி சீனிக்குக்கூட இல்லாம, வாயத் தொறந்து கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு நிக்கிறியேன்னு. இவ்ளோ சுசாவா, கஷ்டத்துல இருக்கா, பக்கத்துல இருந்து எனக்குத் தெரியலயேன்னு அவருகிட்ட அழுதேன். லாரிய விட்டுட்டு எப்பவும் பின் பக்கத்துப் பாதையிலதான் வருவாரு. திங்கக்கெழம பசார் கடைக்குப் போய் அரிசி வாங்கிக்கிட்டு வாரேன்னு பெரிய ரோட்டு வழியா வந்திருக்காரு.”

சரளா அரிசிப் பையைப் பார்த்தாள்.  இந்த இரண்டு நாளும் அவள் பயந்தது சகுனத்துக்கு, ஊர் வாய்க்கு. அவை எல்லாம் ஒன்றுமே இல்லை. ராட்னி சார் சொன்னது தப்பு. சம்பந்தம் இருந்தது. ஒருத்தி ஒரு பாத்திரத்தை நீட்டினாள், மற்றவள் அதற்கு ஓர் அர்த்தம் கொடுத்தாள், அந்த அர்த்தத்தை நம்பி ஒரு மனுஷன் பெரிய ரோட்டுக்குப் போனான். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அவள் ஒதுக்கிவைத்த மூன்றாவது பாடம் அதுதான்.

இப்போது சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. முத்தம்மா அவளுக்குக் கடைசிவரை அக்காவாகவே இருப்பாள். சரளாவும் அதை நினைத்தாள். நினைக்கவில்லை என்று பொய் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தச் சீனிப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை.

“அக்கா, வீட்ல அரிசி இருக்கு. சீனி இருக்கு. எல்லாம் இருக்கு.” அழுதுகொண்டே சொன்னாள். “வேணும்னேதான் வெறுமனே குடுத்தேன். படிப்புல ஒரு வேல குடுத்தாங்க. நீங்க என்ன செய்றீங்கன்னு பாக்கணும். சும்மா பாக்கத்தான்க்கா.”

முத்தம்மா பாதியில் விட்ட முடியை இறுக்கி முடிந்தாள். வெளியே யாரோ மோட்டாரை முடுக்கிக்கொண்டு போனார்கள்.

“என்ன பாடம் அது?”

“மனுசங்க ஒருத்தர ஒருத்தர் எப்டிப் புரிஞ்சிக்கிறாங்கன்னு...”

“புரிஞ்சிக்கிட்டியா?”

சரளா கண்ணைத் துடைத்தாள்.

“போ” என்றாள் முத்தம்மா. இத்தனை வருஷத்தில் ‘போய்ட்டு வா’ என்று சொல்லாமல் அவள் சரளாவை அனுப்பியதே இல்லை. “அரிசியத் தூக்கிக்கிட்டுப் போ. அவரு ஒனக்கு வாங்கினது.”

பத்துக் கிலோவையும் இடுப்பில் ஏற்றி, வரிசை முழுக்கப் பார்க்க, சரளா வீட்டுக்குத் தூக்கிப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். வீட்டுவேலைக்கு எழுதி வைத்திருந்த தாளையும் கிழித்துப் போட்டாள். அந்த வாரச் சனிக்கிழமை வகுப்புக்கும் போகவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டைத் தட்டும் சத்தம். முத்தம்மா நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கையில் அந்தத் தூக்குச்சட்டி.  சாவுச் செய்தி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று சரளா நினைத்தாள்.

“கண்ணத் தொறந்துட்டாரு” என்றாள் முத்தம்மா. “வாயால குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் துணியெல்லாம் தொவைக்கணும். கஞ்சி வச்சுக் குடு. உப்பு கம்மியா.”

மூடியைத் திறந்து உள்ளே காட்டினாள். காலி.

“இதுக்கும் மார்க்கு உண்டா?”

“இல்லக்கா.”

“அப்போ சரி. வெறுமனே திருப்பிக் குடுத்துராத லா.”

முத்தம்மா சிரிக்கவில்லை, திரும்பிப் போய்விட்டாள். சரளா பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மூலையில் கிடந்த கிழிந்த பையைப் பிரித்து ஒரு சுண்டு அளவு அரிசி எடுத்தாள். அதில் ரோட்டு மணல் கலந்திருந்தது. முறத்தில் பரப்பி ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கினாள். கழுவினாள், மறுபடியும் பொறுக்கினாள். ஒரு கல்லாவது தப்பிப் போய் அவர் பல்லில் பட்டுவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.