அடுப்படியைப் பார்த்து வைத்த மானிட்டர்

தொண்டையில் வந்த புற்றுநோய்க்காக அப்பாவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வில்லியனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசித்துவந்தவர் அவர். கரண்ட் போய் மைக் நின்ற நாளிலும் அவர் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கழுத்தின் நடுவே மூச்சுவிட ஒரு துளையும், அதன்மேல் மெல்லிய துணியும் இருந்தன.

எழுதிக் காட்டச் சிலேட்டு வாங்கிக் கொடுத்தோம். அம்மாவுக்குச் சர்க்கரையால் கண் மங்கியிருந்தது. சிலேட்டை முகத்தருகே பிடித்தால்தான் எழுத்து தெரியும். அவள் அடுப்படியில் நிற்கும்போது அப்பாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுந்துபோய்த் தோளைத் தொட வேண்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். போகப்போக அவர் எழுதுவது ‘தண்ணி’, ‘வேணாம்’ என்று சுருங்கிவிட்டது. அம்மாவும் அவர் தலையசைத்துப் பதில் சொல்லக்கூடியதை மட்டுமே கேட்டாள். மற்ற நேரங்களில் அவளாகப் பேசி அவளாகவே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

நான் ஹால் மூலையில் கம்ப்யூட்டர் வைத்து, பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலை செய்கிறேன். கையெழுத்துப் பிரதி ஒரு பக்கமும் அச்சுப் பக்கம் ஒரு பக்கமும் தெரிந்தால் வசதி என்று இரண்டாவது மானிட்டர் வாங்கினேன். செருகியதும் ‘நோ சிக்னல்’ என்றது. கேபிளை இறுக்கியதும், பழைய திரையில் இருந்ததையே இதுவும் காட்டியது. செட்டிங்ஸில் மாற்றிய பிறகு இரண்டும் தனித்தனித் திரைகளாயின. மவுஸின் அம்பு ஒன்றின் ஓரத்தைத் தாண்டி அடுத்ததற்குள் நுழைந்தது.

அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிலேட்டில் எழுதினார்: ‘இத அந்தப் பக்கம் திருப்பி வெக்க முடியுமா?’ அவர் கை அடுப்படியைக் காட்டியது.

நீளமான கேபிள் வாங்கிவந்தேன். அடுப்படி வாசலுக்கு நேரே ஸ்டூல் போட்டு மானிட்டரை உயரத்தில் நிறுத்தினேன். அவர் அடிப்பது அப்படியே அங்கே தெரிவதற்காக, இரண்டு திரையும் ஒன்றையே காட்டும்படி மறுபடி மாற்றினேன். கீபோர்டில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களை ஒட்டினேன். ஒரு திரைக்கு நாலைந்து சொற்கள் மட்டும் கொள்ளும் அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினேன்.

அப்பா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். அம்மா கையில் கரண்டியோடு நின்று, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்: “மா...த்தி...ர போட்டியா?”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “போட்டுட்டேன்,” என்றாள்.

அதன்பிறகு சமையல் நேரம் முழுவதும் கம்ப்யூட்டர் அவருடையது. யார் வீட்டில் கல்யாணம், மோட்டார் ஏன் ஓடவில்லை என்று பேச்சு நீண்டது. ஒருநாள் காலை அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் அடித்ததை வழக்கம்போல உரக்கப் படித்தாள்.

“ஆப்பரேஷனுக்கு நீ ஏன் ஒத்துக்கினே?”

படித்து முடித்த பிறகுதான் அவளுக்கு அது புரிந்தது. குரல் போய்விடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்பா அப்போது அம்மாவைத்தான் பார்த்தார். செய்துவிடுங்கள் என்று சொன்னவள் அவள். அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலருகே வந்தாள். “இல்லாட்டி கொஞ்ச நாளுதான்னாங்க. எனக்கு ஆளு இருந்தா போதும்னு தோணுச்சு. நான் இன்னா பண்றது, சொல்லுங்க.”

அப்பா அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். பக்கத்திலேயே இருந்தும் அவர் முன்னால் இருந்த திரையை நான் பார்க்கவில்லை. அம்மா படிக்கும்போதுதான் எனக்கும் தெரிந்தது.

“கோவம் இருந்துச்சு. இப்ப இல்ல. நீ தனியா பேசிக்கினு இருக்கறத...” அதோடு நிறுத்திவிட்டாள்.

“இன்னும் கொஞ்சம் பெருசா போடும்மா. கடைசி வரி தெரியல,” என்றாள் என்னிடம்.

எழுத்து எப்போதும்போலப் பெரிதாகத்தான் இருந்தது. ‘கேக்க முடியல’ என்று நான் படித்துச் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முறத்தை எடுத்துவந்து அப்பாவின் காலடியில் உட்கார்ந்து மிச்சக் கீரையை ஆய்ந்தாள்.

அன்று மாலை ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தோம். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் சொல்லும் ஜெபத்தில் முதல் பாதி அப்பாவுடையது, மறுபாதி எங்களுடையது. அவருடைய பாதியை முன்கூட்டியே அடித்துவைத்தால் ஒரு பட்டனில் வரும்படி செய்யலாம் என்றேன். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். ஒவ்வொரு மணிக்கும் எழுத்துத் தேடித் தானே அடித்தார். அவர் முடிக்கும்வரை அம்மா மணியை விரலில் பிடித்தபடி, திரையைப் பார்த்துக் காத்திருந்தாள்.