மடியில் வைத்து வாசிக்கும் யுகுலேலே

காமினிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், நுண்ணோக்கிக்குக் கீழே கம்பிகளைப் பற்றவைக்கும் வேலையில் பதினாறு வருடமாக இருந்தாள். கணவன் ஹரீஷ் ஒரு லாரிக் கம்பெனியில் கிளார்க். சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் கித்தார் வாசிப்பான். சுங்கை பினாங்கில் பதினோராவது மாடியில் வீடு. பிள்ளைகள் இல்லை.

2023 மார்ச்சில் ஹரீஷ் குளியலறையில் விழுந்தான். பக்கவாதம். உயிர் பிழைத்தான், இடது கை பிழைக்கவில்லை. தோள் அசையும், முழங்கை கொஞ்சம் நீளும், விரல்கள் மட்டும் மடங்கியபடியே கிடக்கும். பேச்சும் குழறியது. வீட்டுக்கு வந்த மறுநாள், "கித்தார சிக்கந்தர்கிட்ட குடுத்துரு" என்றான். சிக்கந்தர் அவர்கள் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். எடுத்துக்கொண்டு போனவன் லிஃப்ட் வாசலில் நின்று அழுததைக் காமினி பார்த்தாள். ஹரீஷ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். மாதக்கணக்கில் அப்படியே படுத்திருந்தான்.

கூட வேலை செய்யும் நூர் ஃபாத்திஹாவின் வீட்டில் யுகுலேலே என்னும் குட்டிக் கித்தார் ஒன்று சும்மா கிடந்தது. நான்கு நைலான் கம்பி. குடைவு இல்லாத கெட்டி மரம். காமினி அதை வாங்கி வந்தாள்.

"பொம்மையா? அமுக்க விரல் எங்க இருக்கு?" என்றான் ஹரீஷ்.

"அமுக்க வேணாம்ங்க. மடியில படுக்க வச்சு, கம்பி மேல இரும்ப நகத்துனா போதும். தோள் அசையுதில்ல?"

அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிக்கந்தர் ஒரு பழைய பிக்கப் கொண்டுவந்து கொடுத்தான். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள் அது. காமினி மரத்தைக் குடைந்து அதைப் பொருத்தினாள். ஒலிபெருக்கியில் செருகினால் சத்தமே இல்லை.

"நைலான் காந்தத்துக்குத் தெரியாது அண்ணி. எஃகுக் கம்பி போடணும். ஆனா இழுப்பு ஜாஸ்தி, பாத்து லா" என்றான் சிக்கந்தர்.

யுகுலேலேயின் கழுத்துப் பகுதியை அவள் சோதித்துப் பார்த்தாள், அது உறுதியாக இருந்தது. கம்பிகளின் அடிமுனை கட்டியிருந்த மரத்துண்டு வெறும் பசையில் நிற்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம், நான்காவது எஃகுக் கம்பியை முறுக்கும்போது அந்தத் துண்டு பட்டென்று பிய்ந்தது. கம்பியின் முனை அவளுடைய வலது கண்ணில் அடித்தது.

கட்டிலில் இருந்த ஹரீஷ் எழ முயன்று தரையில் விழுந்தான். அவள் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுகையால் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டு மஹ்பூபா அக்காவைக் கூப்பிட்டாள்.

கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு எல்லாம் கொதிநீர் ஆவிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிந்தது. தொழிற்சாலையில் அவளை நுண்ணோக்கியிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் பிரிவில் போட்டார்கள்.

"அதத் தூக்கிப் போடு" என்றான் ஹரீஷ்.

"கண்ணு போச்சு. இப்ப இதையும் தூக்கிப் போட்டா, கண்ணு எதுக்குப் போச்சு?"

மீண்டும் உட்கார்ந்தாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. திருப்புளி இரண்டு முறை வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்தது. இந்த முறை பசையை நம்பாமல், எஃகுத் தகட்டை மரத்தின் மறுபக்கம்வரை போல்ட்டு போட்டு முடுக்கினாள். மேல்முனையில் ஓர் இரும்புத் துண்டை வைத்துக் கம்பிகளை உயர்த்தினாள். சிறிய இரும்புக் குழாயொன்றை வழவழவென்று தேய்த்து, ஒட்டுப்பட்டையால் அவன் மடங்கிய கையோடு கட்டினாள். கை எட்டும் தூரத்துக்குத் தக்கபடி ஸ்ருதியை மாற்றி வைக்க சிக்கந்தர் உதவினான்.

அக்டோபரில் வேலை முடிந்தது. ஹரீஷ் வலது கட்டைவிரலால் மீட்டி, இடது தோளைத் தள்ளினான். முதலில் வந்தது கீறல் சத்தம். பிறகு ஒரு சுரம் இழுபட்டு எழுந்து, நடுங்கி நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அதன்பின் தினமும் வாசித்தான். அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல் வேண்டாமென்று காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வான். காமினிக்குக் கேட்பது எஃகுக் கம்பியின் மெல்லிய கிணுகிணுப்பு மட்டும். அவன் என்ன வாசிக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது, கேட்டதுமில்லை. ஒருநாள் மாலை அவனே ஹெட்ஃபோனைக் கழற்றி நீட்டினான்.

"போட்டுக்க."

அவன் வாசித்து முடிக்கும்வரை கேட்டாள்.

"எப்படி?"

"ரெண்டு எடத்துல ஸ்ருதி போச்சு."

ஹரீஷ் சிரித்தான். பக்கவாதத்தில் ஒருபக்கம் இழுத்துப்போன வாயோடு, ரொம்ப நேரம் சிரித்தான். "மூணு எடம்" என்றான்.

2024 ஜூனில், அவள் வேலையில் இருந்தபோது, பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கிடந்தவனைச் சாப்பாடு கொண்டுவந்த மஹ்பூபா அக்காதான் பார்த்தார். காமினி பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது உடல் சில்லிட்டிருந்தது.

ஒரு மாதம் கழித்துச் சிக்கந்தர் வந்தான். இன்னொரு நோயாளிக்கு அந்த யுகுலேலேயைக் கொடுக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அவரு தோளுக்கு அளந்து செஞ்சது தம்பி. வேற யாருக்கும் பொருந்தாது" என்றாள்.

அவன் போனதும் நான்கு கம்பிகளையும் தளர்த்தி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். இன்னமும் பெட்டிதான் கட்டுகிறாள். கருவிழி மாற்றுச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள், ஆஸ்பத்திரியிலிருந்து இதுவரை கூப்பிடவில்லை.