பிரான்சிலிருந்து வந்த கலர் டிவி

எங்கள் பக்கத்தில் டெல்லி தெரிவதற்கு முன்னால் கொழும்பு தெரிந்தது. காரைக்கால் கடற்கரையில் நின்று பார்த்தால் எங்களுக்குச் சென்னை தூரம், இலங்கை பக்கம். எண்பதுகளின் தொடக்கத்தில் கடலோர ஊர்களில் யாராவது டிவி வாங்கினால், உயரமான இரும்புக் குழாயின் நுனியில் ஆன்டெனாவைக் கட்டிக் கடலைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். காற்று நன்றாக இருந்தால் சிங்களத்தில் செய்தியும் நடுநடுவே தமிழ்ப் பாட்டும் வரும். காற்று சரியில்லாவிட்டால் திரை முழுக்கக் கொசு மொய்க்கும். மண்டபத்தூரில் அம்மாவின் சிநேகிதி வீட்டுக்குப் போனபோது நான் முதன்முதலாகப் பார்த்த டிவி அந்தக் கொசுதான். அதையும் ஒரு மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

எங்கள் வீடு உள்ளே தள்ளி, அம்பகரத்தூரில் இருந்தது. வயல்காரக் குடும்பம். வீட்டில் ஒரு ரேடியோ உண்டு, அதுவும் தலையில் தட்டினால்தான் பேசும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரேயடியாகக் கலர் டிவி வரப்போகிறது, அதுவும் பிரான்சிலிருந்து வரப்போகிறது என்றால், நான் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு அலட்டியிருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவதற்குப் போட்டி நடந்தது.

கொண்டுவரப்போகிறவர் என் அத்தையின் கணவர். அப்பாவுக்கு ஒரே தங்கை அத்தை. மாமாவின் அப்பா பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போனபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் பிடித்துக்கொண்டதால் மாமாவும் பிரெஞ்சுக்காரர். பார்ப்பதற்கு எங்களைப் போலவே கறுப்பாக, நெற்றியில் திருநீற்றோடு இருப்பார். ஆனால் பாஸ்போர்ட்டைக் கேட்டால் பிரெஞ்சுக்காரர். கல்யாணம் முடிந்த கையோடு, வீடு பார்த்துவிட்டுக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாரீசுக்கு வேலைக்குப் போனார். வீடு பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வீடு கிடைத்துவிட்டது, அத்தைக்குப் பேப்பர்தான் வரவேண்டும் என்றார். மாமாவின் பெற்றோர் உயிரோடு இல்லாததால் அத்தை எங்கள் வீட்டிலேயே காத்திருந்தாள்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாமா லீவில் வருவார். சோப்பு, சென்ட், சாக்லேட் எல்லாம் வரும். அவற்றையெல்லாம்விட அவர் கொண்டுவரும் பேச்சுதான் உசத்தி. பாரீசில் நம் வீடு மூன்று அறை. துணியை மிஷினே துவைத்து மிஷினே பிழியும். சமைத்துப் போட ஓர் அம்மாள் வந்துபோகிறாள். டிவி, அதோ அந்தக் கதவளவு. மாமா ஒருமுறை சொன்னதை அத்தை நூறுமுறை சொல்வாள். கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது தெருப் பெண்களிடம், "அங்க எங்க வீட்டுல இதெல்லாம் கையால செய்ய வேண்டியதே இல்ல" என்பாள். அவர்கள் அவளுக்குப் 'பாரீசம்மா' என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்தார்கள். அவளுக்கு அந்தக் கிண்டல் பிடித்துத்தான் இருந்தது. எங்கிருந்தோ கேட்டுப் பிரெஞ்சில் பத்து வரைக்கும் எண்ணக் கற்றுக்கொண்டு எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். நான் ஊஞ்சல் ஆடும்போது அன், தெ, த்ருவா என்று எண்ணித்தான் ஆடுவேன்.

அந்த வருஷம் பேப்பரும் வந்துவிட்டது. இனி சாக்குச் சொல்ல ஒன்றும் பாக்கியில்லை. "இந்தத் தடவை விடப்போறதில்ல. நாலு பேரு முன்னால கேட்டு ஒரு முடிவு தெரிஞ்சிக்கணும்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அத்தை ஊதா நிறத்தில் ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டாள். அம்பகரத்தூர் வெயிலில் அதைப் போட்டுப் பார்த்து வேர்த்து விறுவிறுத்து நின்றவளை நான்தான் விசிறிவிட்டேன்.

மாமா சென்னையிலிருந்து டாக்சியில் வந்து இறங்கினார். பின் சீட்டில் என்னைவிடப் பெரிய அட்டைப்பெட்டி. அதை இறக்குவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவி போடுவது என்று முடிவாயிற்று. காரைக்காலிலிருந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறி வந்தார்கள். தெருவே கூடத்தில் உட்கார்ந்திருந்தது, உட்கார இடமில்லாதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். மேசைமேல் ஏற்றி வைத்த டிவிக்கு அம்மா சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சாத்தி, சூடம் காட்டினாள். கண்ணாடியில் வைத்த பொட்டு படத்தை மறைக்குமே என்று யாரோ சொல்ல, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு துடைத்துவிட்டாள்.

ஆன்டெனா கட்டுவதற்குக் காரைக்காலிலிருந்து ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் வந்திருந்தார். கடலோரத்தில் இரண்டு வீட்டில் கட்டிய அனுபவம் அவருக்கு இருந்தது, இருபது வீட்டில் கட்டிய மாதிரி பேசினார். கொல்லைத் தென்னைமரத்தோடு குழாயைச் சேர்த்துக் கட்டி, ஒருவரை மரத்தில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"சுவிச்சு எது சார்?"

மாமா குனிந்தார். அவர் கை பெட்டியின் முகத்தில் மேலும் கீழுமாக ஊர்ந்தது. ஒரு குமிழைத் திருகினார். இன்னொன்றை அமுக்கினார். பக்கவாட்டில் தடவினார். பெட்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினார். "நம்ம வீட்டுல இருக்கறது வேற மாடல்" என்றார். கடைசியில் ரிப்பேர்க்காரரே எதையோ அமுக்க, சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. கூடமே கைதட்டியது.

"ஆன்டெனா சொருகுற ஓட்டை வேற மாதிரி இருக்கே. அங்க எப்படி மாட்டுவாங்க?"

"அங்க ஏதுப்பா ஆன்டெனா? தானா வரும்" என்றார் மாமா.

ஆன்டெனாவே வேண்டாத தேசம்! ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பில் சொல்வதற்கு நான் அதை மனசில் முடிந்துகொண்டேன். சமையலறை வாசலில் நின்ற அத்தை மட்டும் பெருமூச்சு விடவில்லை. எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக வயரைச் சுற்றிக் கட்டிப் படம் வந்தது. வந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஒரு மனிதர் செய்தி வாசித்தார். ஆனால் அவருக்கு முகம் கறுப்பு, தலைமுடி வெள்ளை, பல் மையாக இருந்தது. போட்டோ ஃபிலிமைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் தெரிவோமே, அந்த மாதிரி. அவரும் ஓரிடத்தில் நிற்காமல் உருண்டு உருண்டு மேலே போனார். குரலே இல்லை, வெறும் இரைச்சல். "தெரியுதா?" என்று மரத்திலிருந்து ஒரு சத்தம். "வலது பக்கம் திருப்பு! போச்சு போச்சு, பழையபடி வை!" என்று கூடத்திலிருந்து நூறு சத்தம். "இலங்கையில எல்லாரும் இப்படித்தான் இருப்பாங்களோ?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் நிஜமாகவே கேட்டாள். ரிப்பேர்க்காரர் முதலில் கடல்காற்றைக் குறை சொன்னார், பிறகு தென்னைமரத்தை, கடைசியில் பெட்டியின் தலையில் தட்டினார். எங்கள் ரேடியோவுக்கு இருந்த மரியாதைகூட அதற்கு இல்லை.

முன்வரிசை நாற்காலியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஊரே அவரை 'சொல்தா' என்றுதான் சொல்லும். நல்ல மனிதர், ஆனால் மனசில் பட்டதை மென்று விழுங்கத் தெரியாது.

"அந்த ஊருப் பெட்டியில இந்தப் பக்கத்துப் படம் வராதே மாப்ள. அங்கேருந்து கொண்டாரவங்க ரெண்டுக்கும் ஆவுற பெட்டியாவுல்ல கேட்டு வாங்குவாங்க. அங்க வீட்டுல டிவி வச்சிருக்க எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதியாச்சே" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, உங்க வீட்டுல என்ன பெட்டி வச்சிருக்கீங்க?" என்றும் கேட்டார்.

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவங்க மேல தப்பு இல்ல பெரியப்பா" என்றாள் அத்தை, காப்பித் தட்டோடு முன்னால் வந்து. "கடையில நின்னு விசாரிக்கக்கூட விடாம நான்தான் கடுதாசி மேல கடுதாசி போட்டு அவசரப்படுத்திட்டேன். காப்பி ஆறுது, எடுத்துக்குங்க."

கூட்டம் காப்பிக்குத் திரும்பியது. அப்பாவுக்கோ டிவியைப் பற்றிக் கவலையே இல்லை. அவர் சொன்ன நாலு பேருக்கு நாற்பது பேராக எதிரிலேயே இருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டிவி கிடக்கட்டும் மாப்ள. பேப்பரெல்லாம் வந்தாச்சு. தங்கச்சிய இந்தப் பயணத்துலயே கூட்டிக்கிட்டுப் போறீங்கல்ல? எல்லாரும் இருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாமா வாயைத் திறந்தார். பேசியது அத்தைதான்.

"நான் போவல அண்ணே."

அத்தை காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்தக் குளிரு எனக்கு ஒத்துக்காது. அவங்க வா வான்னு கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நான்தான் மாட்டேங்குறேன். இங்கேயே இருந்துக்குறேன், விடுங்க."

அதற்குப் பிறகு நடந்த ரகளையில் டிவியை அணைக்கவும் ஆள் இல்லை. கறுப்பு முகத்துக்காரர் தன் பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தார். "கிறுக்குப் புடிச்சிருக்கா இவளுக்கு" என்று அப்பா கத்தினார். அம்மா அழுதாள். கொடுத்துவைத்த வாழ்வை எட்டி உதைக்கிறாளே என்று பெண்கள் கன்னத்தில் கைவைத்தார்கள். மாமா தலையை நிமிர்த்தவில்லை. வந்துதான் பாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பிழைக்கத் தெரியாதவள் என்று ஊர் அத்தையை அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தது, வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். பாரீசில் என் அத்தை இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் செய்துவிட்டாளே! டிவி வேலை செய்யாத ஏமாற்றத்தில் முறுக்கிக்கொண்டு இப்படிப் பண்ணுகிறாள் என்று தீர்மானித்து, அவளோடு டூ விட்டேன். திங்கட்கிழமை வகுப்பில் எந்த முகத்தோடு போய் உட்காருவது? வயிற்றுவலி என்று பாயில் சுருண்டுகொண்டேன். அப்பாவும் அம்மாவும் வயலுக்குப் போய்விட்டார்கள். சமையலறையிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ரூமுல எத்தனை பேரு?" என்றாள் அத்தை.

"ஆறு பேரு. எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்கதான்."

"படுக்க?"

"கட்டில் மூணு இருக்கு. ராத்திரி வேலைக்குப் போறவன் கட்டில்ல நான் படுத்துக்குவேன். காலையில அவன் வந்து படுத்துக்குவான்."

"இவ்வளவு சிரமத்துல எதுக்குங்க இந்த டிவி?"

மாமா சொன்னார்: "நான் அளந்து விட்டதையெல்லாம் நெசம்னு நம்பி நீ தெரு பூராவும் சொல்லிவச்சிருந்த. அதுல ஒண்ணாவது நெசமா இருக்கட்டும்னுதான் வாங்குனேன்."

நான் படுத்தபடியே இதையெல்லாம் கேட்டேன். எனக்கு இதில் எதுவும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. எங்கள் கூடத்திலும் ஆறேழு பேர் வரிசையாகத்தான் படுத்தோம். பாரீசில் கட்டில் வேறு இருக்கிறது, அதில் என்ன குறை?

"சாப்பாடு?" என்று அத்தை கேட்டாள்.

"ரொட்டிதான். ஞாயித்துக்கெழம யாராவது சோறாக்குவாங்க. சாறு கீறுன்னு வைக்க எவனுக்கும் வராது."

டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. அத்தை மூக்கை உறிஞ்சினாள். "இப்படி வந்து நில்லுங்க. ரசம் வைக்கச் சொல்லித்தர்றேன். மொதல்ல புளிய ஊறப்போட்டுக்கணும்."

அதற்குமேல் என்னால் படுத்திருக்க முடியவில்லை. எட்டிப் பார்த்தேன். சமையலுக்கு ஆள் வைத்திருக்கும் பாரீஸ் மாமா, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். மிளகாய் தாளித்த நெடியில் இருமல். கண்ணெல்லாம் தண்ணீர். அத்தை பக்கத்தில் நின்று, "கருக விடாதீங்க, கருக விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். டூ விட்டிருந்ததை நானும் மறந்துபோனேன். கிட்டே கூப்பிட்டு என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"இங்க பாத்தது, கேட்டது எதையும் நீ வெளியில சொல்லக் கூடாது. அப்பாகிட்டகூட. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அப்பா கேட்டபோதும் சொல்லவில்லை, தெருப் பெண்கள் கிண்டிக் கிண்டிக் கேட்டபோதும் சொல்லவில்லை. மாமாவுக்கு ரசம் வைக்கத் தெரியாது என்பதுதான் அந்த ரகசியம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.