வளைந்த வரிசைக்குப் புது லென்ஸ்

ஐம்பதுகளின் தொடக்கம். தமிழர்கள் கரும்பு வெட்டப் போன தீவில், லௌட்டோகா நகரத்தில் போட்டோக் கடை வைத்திருந்த மஜீத், லோவு கிராமத்துக்குப் போகும் பஸ் குலுங்கும்போதெல்லாம் மடியிலிருந்த பெட்டியை இறுக அணைத்துக்கொண்டார். சிட்னியிலிருந்து கப்பலில் வந்த புது லென்ஸ் அதற்குள் இருந்தது. இன்றைக்குத்தான் முதல் படம்.

பழைய பித்தளை லென்ஸைக் குறை சொல்ல அவருக்கு மனம் வராது. ட்ராசா தோட்டத்தில் கரும்பு வெட்டும் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கடை வைத்த நாளிலிருந்து அவருக்குச் சோறு போட்டது அதுதான். நடுவில் உட்கார்ந்தவர் முகம் வெண்ணெய் மாதிரி வரும். ஓரம்தான் கலங்கிவிடும். லோவு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழாப் படத்தில் அப்பல்சாமி எப்போதும் ஓரம். பெஞ்சு போட்டு, எல்லாரையும் உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் வந்து நிற்பவர் அவர். போன வருடம் அவர் மனைவி கம்லா படத்தை மஜீத் முன்னால் நீட்டினார்.

"பாய், இதுல எம் புருசன் எது, வாழமரம் எது? நீங்களே சொல்லுங்க."

 மஜீத் அன்றே புது லென்ஸ் கேட்டுச் சிட்னிக்கு எழுதிவிட்டார். வந்த லென்ஸும் பழைய அமைப்புதான். ஆனால் கண்ணாடிகளின் வளைவைப் புதிதாகக் கணக்குப் போட்டு, வெளிச்சம் சிதறாமலிருக்க நீலப் பூச்சும் பூசியிருந்தார்கள்.

பள்ளிக்கூட மைதானத்தில் சங்கத்தார் தாமாகவே பிறை போல வளைந்து நின்றார்கள். ஓரத்து ஆட்கள் காமிராவை நோக்கி முன்னே வந்து நிற்பது, ஓரக் கலங்கலைக் கொஞ்சமாவது குறைக்க, பழைய லென்ஸுக்காக மஜீதே பழக்கியது. இப்போது அது சடங்காகிவிட்டது.

மஜீத் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். நடுப்பகுதி கத்தி போலத் தெளிவு. இரண்டு ஓரமும் புகை.  சிட்னிக்காரன் ஏமாற்றிவிட்டானா? லென்ஸின் வாயைச் சுருக்கினால் ஓரம் தெளியும், ஆனால் படம் பதிய நேரம் பிடிக்கும். குழந்தைகள் அதுவரை அசையாமல் நிற்குமா? சபேட்டோ மலைப் பக்கம் மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"என்ன பாய், இந்த வருசமும் நான் வாழமரந்தானா?" ஓரத்திலிருந்து அப்பல்சாமி கேட்டார்.

மஜீத் துணிக்குள்ளிருந்தபடியே ஃபோகஸ் குமிழைத் திருகினார். நடு கலங்கியது. இரண்டு ஓரமும் ஒரே சமயத்தில் பளிச்சென்று தெளிந்தன.  லென்ஸில் கோளாறு இல்லை. ஒரே நேர்கோட்டில் நிற்பவர்களைத்தான் அது ஒன்றுபோலத் தெளிவாகப் பார்க்கிறது. ஆட்களை வளைத்து நிற்க வைத்தவர் அவர்தான்.

துணியை உதறிவிட்டு ஓடினார். "நேரா நில்லுங்க. எல்லாரும் ஒரே லைனு. ஜல்தி."

"எங்கப்பா காலத்துலருந்து வளைஞ்சுதான் நிக்கிறோம்" என்று முறைத்தார் தலைவர் பாலசுப்பிரமணி.

"அது பழைய கண்ணு, அண்ணே. இதுக்குக் கோணல் ஆவாது."

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. நேராக்கியதும் வரிசை நீண்டுவிட்டது, அப்பல்சாமி படத்துக்கு வெளியே போய்விட்டார். மஜீத் காமிராவைத் தாங்கிய முக்காலியோடு பின்வாங்கினார், இன்னும் பின்வாங்கினார், கடைசியில் கரும்பு வயல் வாய்க்காலில் முழங்கால் நனைய நின்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கிய கணத்தில், முதல் தூறலுக்கு முன்னால், படத்தை எடுத்துவிட்டார்.

வார முடிவில் கம்லா கடைக்கு வந்தார். நடுவைப் பார்க்கவே இல்லை, விரல் நேராக ஓரத்துக்குப் போனது. அப்பல்சாமி பல் தெரிய நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்ததுகூடத் தெரிந்தது.

"இந்த மனுசனுக்குச் சட்ட போடத் தெரியாதுன்னு ஊருக்கே காட்டிட்டீங்களே பாய்" என்றார். படத்தை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

மஜீத் காதில் அது விழவே இல்லை. "அந்தப் பக்கத்து ஓரத்தயும் பாரும்மா" என்று குனிந்தார். "வேலிக் கம்பிய எண்ணலாம். எண்ணிப் பாரு."