கூப்பிட்டால் வரும் மாடு

பக்கத்து வீட்டு மார்கரெட்டின் நாய் டெய்சிக்கு என் கைகள் என்றால் அவ்வளவு பிரியம். வேலை முடிந்து நான் பேருந்திலிருந்து இறங்கும்வரை காத்திருந்து, விரலிடுக்கெல்லாம் நக்கும். "டாக்ஸ் நோ குட் பீப்பிள்" என்பார் மார்கரெட். நல்லவர்களை நாய்க்குத் தெரியுமாம். நானும் "தேங்க் யூ" என்று சிரித்து வைப்பேன். மூன்று தடவை சோப்புப் போட்டாலும் போகாத மாட்டுக் கொழுப்பின் வாடை அது என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்குள் போய் நான்காவது தடவை கழுவுவேன்.

மார்கரெட்டுக்குத் தெரிந்ததெல்லாம் நான் கால்நடை மருத்துவர் என்பதுதான். சொந்த ஊரான மார்க்கையன்கோட்டையில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கும் அவ்வளவுதான் தெரியும். வட இங்கிலாந்தின் இந்தச் சின்ன ஊரில் நான் வேலை பார்ப்பது இறைச்சிக்கூடத்தில். இங்கே ஒரு நாய்க்கு ஊசி போட வேண்டுமானால்கூட இவர்களுடைய தேர்வில் தேற வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கோட்டைவிட்டேன். அறுக்கப் போகிற மாட்டைப் பார்த்துச் சரி சொல்ல மட்டும் நம் ஊர்ப் படிப்பு போதுமாம். உயிரோடு வரும்போது அதன் கண்ணையும் நடையையும் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அதே மாட்டின் ஈரலைப் பார்க்க வேண்டும். என் சட்டையின் முதுகில் விலங்கு நலம் என்று எழுதியிருக்கிறது. கறி தின்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் கறிக்குழம்பு கொதித்ததுதான். அருவருப்பெல்லாம் அந்தச் சட்டைக்குள் இருப்பவள் மேல்தான்.

சேர்ந்த முதல் வாரம் ஒரு சிவப்புப் பசு, கொல்லும் இடத்துக்குப் போகும் குறுகலான கம்பிப் பாதைக்கு முன்னால் நின்றுவிட்டது. ஆட்கள் கத்தினார்கள், தட்டினார்கள். அது நடுங்கியதே தவிர நகரவில்லை. அதைச் சமாதானப்படுத்தலாம் என்று நான் முன்னால் போய், நாக்கை மேலண்ணத்தில் தட்டி "த்தொ, த்தொ, வாத்தா" என்றேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாய்க்கால் கரையில் மேயும் எங்கள் வீட்டுப் பசு செவலையை அப்படித்தான் கூப்பிடுவேன். எங்கே நின்றாலும் தலையைத் தூக்கிப் பார்த்து, வாழைத்தோட்டத்து வழியாக வந்து என் தோளில் மூஞ்சியைத் தேய்க்கும். தொழுவத்தில் தவிடும் தண்ணீரும் இருக்கும் என்று அதற்குத் தெரியும். இந்தப் பசுவுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் காதை நிமிர்த்தியது, நடுக்கம் நின்றது, என் பின்னாலேயே நடந்து வந்தது. நான் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன். அது நேராகப் போனது.

மேலாளர் என் முதுகில் தட்டி, "யூ ஹேவ் எ கிஃப்ட்" என்றார். வரமாம். என் கண்ணில் தண்ணீர் வந்ததைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எந்த மாடு முரண்டு பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன். அடித்து ஓட்டுவதைவிட இது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதைக் கேட்டால் காறித் துப்பத் தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் ரம்யா வீடியோவில் கூப்பிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். "அத்தை, எனக்கு மாடு கன்னோடதான் வேலை பாக்கணும். என்னென்ன வேலைக்குப் போகலாம்?"

ஆஸ்பத்திரி, பால் பண்ணை, கோழிப்பண்ணை, ஆய்வுக்கூடம், மிருகக்காட்சிசாலை, தீவனக் கம்பெனி என்று ஒப்பித்தேன். குமுளி மலை ஏறும் லாரியில் பால் வற்றிய மாடுகளை அறுப்புக்கு ஏற்றிவிடும் தரகரும் விலங்குகளோடுதான் வேலை பார்க்கிறார். அவரை விட்டுவிட்டேன். என்னையும் விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ரம்யா கேட்டாள்: "அங்கன நீங்க எத்தன மாட்டப் பொழைக்க வச்சிருக்கீக?"

"கழுத, அத்தை எண்ணிக்கிட்டா இருப்பாக?" என்று பின்னாலிருந்து அண்ணன் சிரித்தார்.

"ஒன்னுகூட இல்ல ரம்யா" என்றேன். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. இறைச்சிக்கூடம், ஈரல், சட்டை எல்லாவற்றையும் சொன்னேன். கூப்பிடும் சத்தத்தை மட்டும் சொல்லவில்லை.

"இதுக்காம்மா அம்புட்டுத் தூரம் போன?" என்றார் அண்ணன்.

ரம்யா போனைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கு நடந்தாள். சுவரைப் பார்த்தபடி ஒரு பசு நின்றது. செவலையின் பேத்தி. நான் போனிலேயே பார்த்துப் பழகிய மாடு.

"நேத்துலருந்து தண்ணி குடிக்க மாட்டேங்குறா. இவளப் பாத்துச் சொல்லுங்க அத்தை. இவ ஒருத்தியாச்சும் உங்களால பொழைக்கட்டும்."

"மூஞ்சியைப் பார்க்கணுமே, திருப்பு."

"நான் கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. அப்பா கூப்புடுவாகல்ல, அது மாதிரி நீங்க கூப்புடுங்க."

யோசிக்கும் முன்பே நாக்கு மேலண்ணத்தைத் தட்டிவிட்டது. "த்தொ, த்தொ, வாத்தா." பசு காதை நிமிர்த்தி, திரும்பி, என் குரல் வந்த பக்கம் நடந்து வந்தது. திரை முழுக்க அதன் மூக்கு. வாயைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டேன். கையில் அந்த வாடை. அது இன்னும் ஓர் அடி முன்னால் வந்தது.